மண்ணையும் தண்ணீரையும் படிக்கப் போகும் மகள்



உயர்தரப் பெறுபேறும் அதன் பின் வெட்டுப்புள்ளியும் வெளியாகும் நாட்கள் எங்கள் வீடுகளில் பரபரப்பானவை. உயிரியல் பிரிவில் படித்த பிள்ளை மருத்துவத்துக்குத் தெரிவாகிவிட்டால் ஊரே வந்து வாழ்த்துகிறது. பத்திரிகையில் படம் வருகிறது. அதே பிள்ளை 'விவசாய விஞ்ஞானம்', 'சுற்றாடல் விஞ்ஞானம்', 'இயற்கை வள முகாமைத்துவம்' என்ற பெயருள்ள கற்கை ஒன்றுக்குத் தெரிவானால் வீட்டின் முகம் வாடிப் போகிறது. "மண் கிண்டிறதைப் படிக்கவோ நாலு வருசம்?" என்று பெரியப்பா கேட்கிறார். "பொம்பிளைப்பிள்ளை காடு கரம்பை எல்லாம் திரிய வேணுமாம்" என்று அயல் பேசுகிறது. "இன்னொருக்கால் சோதினை எடுக்கட்டும்" என்று ஒருவர், "கலியாணத்தைச் செய்து வையுங்கோ" என்று இன்னொருவர். தகப்பன் இல்லாத வீடாக இருந்தால் இந்தக் கேள்விகள் எல்லாம் தனித்து நின்று பிள்ளையைப் படிப்பித்த தாயை நோக்கியே திரும்புகின்றன.

இந்தப் படிப்பைப் பற்றி இம்மாதம் பேசுவோம். அங்கே என்ன கற்பிக்கிறார்கள், எப்படிச் சேர்வது, என்ன இடர்கள் உண்டு என்பவற்றோடு, எங்கள் பிள்ளைகள் இதைப் படிக்காமல் விட்டால் எங்களுக்கு வரும் நட்டம் என்ன என்பதையும் பார்ப்போம். அந்தக் கடைசிக் கேள்வியே முக்கியமானது. ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

எங்களிடம் மிஞ்சியவை

யுத்தம் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றை மீண்டும் கணக்கெடுத்துச் சொல்லத் தேவையில்லை. மிஞ்சியவை எவை என்று பாருங்கள். ஒரு துண்டுக் காணி. அதில் ஒரு கிணறு. பதுங்குகுழிக்கு மூடாகத் தறிபடாமல் தப்பிய சில பனைகள். ஊருக்குப் பொதுவாய் ஒரு குளம். கரையோரத்தில் இருப்பவர்களுக்குக் களப்பும் கடலும். நகை ஈட்டுக் கடையில் மூழ்கினாலும், வீட்டுத்திட்டம் பாதியில் நின்றாலும், இவைதான் எங்களைச் சாப்பிட வைத்தன. இவற்றுக்குத்தான் இயற்கை வளம் என்று பெயர்.

இவற்றைப் 'பாதுகாப்பது' பற்றிய படிப்பு என்றதும் எங்களில் பலருக்கு ஒரு தயக்கம் வருவது இயல்பே. 'பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் எங்களுக்கு உயர் பாதுகாப்பு வலயமும் முட்கம்பியும்தான் நினைவுக்கு வரும். இந்தப் படிப்பில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. ஒன்றைத் தொடாமல் பூட்டி வைப்பது அல்ல. எவ்வளவு எடுக்கலாம், எடுத்தது எவ்வளவு காலத்தில் திரும்ப நிரம்பும் என்ற கணக்கை அறிந்து எடுப்பது. முதல்போகத்து நெல்லில் விதைநெல்லை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தைக் குத்தும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பல்கலைக்கழகம் அதே கணக்கைக் கருவிகளோடும் இலக்கங்களோடும் கற்பிக்கிறது.

கிணற்றுக்குள் ஒரு கணக்கு

ஓர் உதாரணத்துக்குக் கிணற்றையே எடுப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழை பெய்தால் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான் உண்டு. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளும் துவாரங்களுக்குள்ளும் இறங்கி நிலத்துக்கடியில் தேங்குகிறது. அதுதான் எங்கள் குடிநீர், தோட்டத்து நீர், எல்லாம்.

இந்த நன்னீர் அடியில் பாறை மேல் தங்கி நிற்கவில்லை. ஏறத்தாழ நாற்புறமும் கடல் சூழ்ந்த நிலமாதலால் உள்ளே புகுந்திருக்கும் உவர்நீரின் மேல் அது மிதக்கிறது. உவர்நீர் பாரமானது, நன்னீர் பாரம் குறைந்தது. அதனால் கலக்காமல் ஒன்றின் மேல் ஒன்று நிற்கின்றன. நவக்கிரி நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதற்குக் காரணம் இதுதான். இதற்குப் பொதுவான ஒரு கணக்கு உண்டு: கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும். இதையே திருப்பிப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டம் 1 அடி இறங்கினால், கீழிருந்து உவர் 40 அடி மேலே ஏறி வரப் பார்க்கும். "முந்தி நல்ல தண்ணி, இப்ப சவராய்ப் போச்சு" என்று தீவுப்பகுதியிலும் கரையோரக் கிராமங்களிலும் பெண்கள் சொல்லும் வார்த்தைக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கே. இடம்பெயர்ந்து போன காலத்தில் தூர்ந்து மூடிப்போன குளங்களும் கேணிகளும் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் வாய்களாக இருந்தன என்பதையும் இதனோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

இன்னொன்று நைத்திரேற்று. தோட்டத்துக்கு இடும் யூரியாவிலிருந்தும் கிணற்றுக்குக் கிட்ட வெட்டிய மலசலகூடக் குழியிலிருந்தும் அது நிலத்தடி நீரில் கலக்கிறது. நிறமில்லை, மணமில்லை, நாக்குக்கும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் 1 லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை என்று எல்லை வகுத்திருக்கிறது. அதற்கு மேல் போனால் பச்சைக் குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்றும் அளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும். மாப்பால் கரைத்துக் கொடுக்கும் தாய்மார் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

இப்போது கேளுங்கள்: எங்கள் கிணற்றில் எவ்வளவு நைத்திரேற்று உண்டு என்று சொல்லப்போவது யார்? அந்த இலக்கத்தை ஆய்வுகூடத்தில் அளந்து, அதன் பொருளை எங்கள் மொழியில் வீட்டுக்கு வந்து சொல்லக் கூடியவர் வேண்டும். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். உயர் நீதிமன்றம் வரை சென்ற அந்த வழக்கில் 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அங்கு இயங்கிய மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று கட்டளையிடப்பட்டது. "தண்ணி மணக்குது" என்ற எங்கள் சொல் தொடக்கமாக இருந்தது. ஆனால் மன்றத்தில் நின்றது தண்ணீர் மாதிரிகளின் பரிசோதனை அறிக்கைகள். எங்கள் சொல்லை இலக்கமாக மாற்றித் தரக் கூடியவர்கள் இல்லாவிட்டால் அது வெறும் முறைப்பாடாகவே கோவைக்குள் கிடக்கும்.

நல்ல மனம் மட்டும் போதாது

2004 மார்கழி சுனாமிக்குப் பின் நாட்டின் கரையோரங்களில் கண்டல் கன்றுகளை நடுவது ஓர் இயக்கமாகவே நடந்தது. அலையைத் தடுக்கும், இறாலும் மீனும் பெருகும் என்று நல்ல நோக்கத்தோடு பல நிறுவனங்கள் நட்டன. பாடசாலைப் பிள்ளைகள் நட்டார்கள். எங்கள் மாதர் சங்கங்களும் முழங்கால் சேற்றில் நின்று நட்டன. பின்னர் ருகுணுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று அவ்விதம் நட்ட 23 இடங்களுக்குச் சென்று பார்த்தது. 2017 இல் வெளியான அந்த ஆய்வின்படி, 1,000 முதல் 1,200 ஹெக்டெயர் வரை நட்ட பரப்பில் 200 முதல் 220 ஹெக்டெயர்தான் தேறியிருந்தது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை.

காரணம் என்ன? கண்டலில் பல இனங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தாங்கக்கூடிய உப்பு வேறு, நீர் நிற்கும் நேரம் வேறு, சேற்றின் தன்மை வேறு. இடத்தைப் பார்க்காமல், எளிதில் கிடைத்த ஓரிரு இனங்களையே எங்கும் நட்டார்கள். நட்ட பின் பார்ப்பாரில்லை. மாடுகள் மிதித்தன, பாசி மூடியது. பணமும் உழைப்பும் சேற்றில் போயின.

நல்ல மனத்தோடு செய்யும் வேலையும் அறிவில்லாமல் செய்தால் வீணாகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. அதே கரையில், நீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பத்து நாள் அளந்துவிட்டு, "இந்த இடத்தில் நடாதேயுங்கோ, அந்த வாய்க்காலை வெட்டி விட்டால் தானாக முளைக்கும்" என்று சொல்லக் கற்ற ஒரு பிள்ளை நின்றிருந்தால் எத்தனை பெண்களின் நாட்சம்பளம் மிஞ்சியிருக்கும்.

மண்ணிலும் இதே கதைதான். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளை நல்லது என்பதில் எங்களுக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பல வருடம் யூரியாவில் பழகிய வயல் ஒரு போகத்தில் மாறிவிடாது என்பதைக் கமக்காரரும் சொன்னார்கள், மண்ணைப் படித்தவர்களும் சொன்னார்கள். அவர்களின் சொல் எடுபடவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆனாலும் காலபோக விளைச்சல் விழுந்து, அரிசி விலை ஏறி, அந்தச் சுமை கடைசியில் வந்து இறங்கியது பெண்களின் அடுப்படியில்.

எல்லைக் கல்லின் முன்னால்

இதில் எங்களுக்கு நேரே உறைக்கும் விடயம் ஒன்று உண்டு. மீள்குடியேறப் போன வன்னிக் குடும்பங்கள் பலவற்றின் அனுபவம் இது. ஆட்களற்றுக் கிடந்த ஆண்டுகளில் வயலும் மேட்டுக்காணியும் பற்றை மூடி, பின் மரம் வளர்ந்து, காடுபோல் ஆயின. திரும்பி வந்தபோது சில இடங்களில் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் எல்லைக் கல் நின்றது. உறுதி இடப்பெயர்வில் தொலைந்துபோன குடும்பங்கள், காணி கணவனின் பெயரில் இருந்து கணவன் காணாமல் ஆக்கப்பட்ட குடும்பங்கள் ஆகியவற்றின் பெண்கள் எந்தப் படியில் ஏறி எதைக் காட்டுவது என்று தெரியாமல் அலைந்தார்கள். இன்னும் அலைபவர்கள் உண்டு.

காடு வேண்டும். காடு இல்லாவிட்டால் குளத்துக்குத் தண்ணீர் இல்லை. ஆனால் எது பழைய காடு, எது இருபது வருடப் பற்றை என்பதை வேறுபடுத்த வழி உண்டு. பழைய நில அளவைப் படங்களும், வானிலிருந்தும் செய்மதியிலிருந்தும் வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படங்களும், மரத்தின் இனமும் வயதும், வயல் வரம்பின் தடமும், தூர்ந்த கிணறும் சாட்சி சொல்லும். அந்தச் சாட்சிகளை வாசிக்கும் வித்தையைக் கற்பிப்பது இந்தப் படிப்புத்தான். பிரதேச செயலகக் கூட்டத்தில் மேசையின் அந்தப் பக்கம் படத்தோடு இருப்பவருக்கும், இந்தப் பக்கம் கண்ணீரோடு நிற்பவருக்கும் இடையில் உள்ள தூரம் பெரிது. அந்தத் தூரத்தைக் குறைக்க எங்கள் பிள்ளைகள் சிலர் படத்தை வாசிக்கக் கற்க வேண்டும். அவர்களில் சிலர் மேசையின் அந்தப் பக்கத்திலும் இருக்க வேண்டும்.

என்ன கற்பிக்கிறார்கள்?

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பாடத்திட்டம் வேறுபடும். ஆயினும் அடிப்படை ஒன்றே. முதலில் உயிரியல், இரசாயனவியல், புள்ளிவிபரவியல். பின்னர் மண், நீர், வனம், கடல், காலநிலை ஆகியவற்றைத் தனித்தனியே. மண்ணின் அமிலத்தன்மை அளப்பது, நீரின் உப்பும் கிருமியும் சோதிப்பது, சதுரம் வகுத்து அதற்குள் உள்ள செடிகளை எண்ணி ஒரு காட்டைக் கணக்கிடுவது, கணினியில் வரைபடம் செய்வது எல்லாம் கையால் செய்து பழக வேண்டியவை. ஒரு வீதியோ தொழிற்சாலையோ வரும்முன் அதனால் சுற்றாடலுக்கு வரும் தாக்கத்தை மதிப்பிடும் முறையும் அதற்கான சட்டங்களும் உண்டு. கடைசி ஆண்டில் ஒரு சிறு ஆய்வைத் தானே செய்து எழுத வேண்டும். எங்கள் ஊர்க் குளம், எங்கள் ஊர்ப் பனை, எங்கள் ஊர்க் கிணறு அந்த ஆய்வுக்குப் பொருளாகலாம்.

எங்கே, எப்படிச் சேர்வது?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. 1990 இல் கிளிநொச்சியில் தொடங்கி, யுத்தத்தால் தானும் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இயங்கி, யுத்தம் முடிந்தபின் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்த பீடம் அது. எங்களைப் போலவே மூட்டை கட்டித் திரிந்த பீடம். வவுனியாவில் வளாகமாக இருந்து 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் சுற்றாடல் விஞ்ஞானத்தில் பட்டம் வழங்குகிறது. மட்டக்களப்பு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் விவசாய பீடம் உண்டு. தெற்கே போகத் துணிபவர்களுக்குப் பேராதனை விவசாய பீடம், பெலிஹுல்ஓயாவில் சுற்றாடல் விஞ்ஞானமும் இயற்கை வள முகாமைத்துவமும் கற்பிக்கும் சப்ரகமுவப் பல்கலைக்கழகம், வனவியலுக்கென ஒரு துறையையே கொண்ட ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம் ஆகியன இருக்கின்றன.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் வேண்டும். எந்தக் கற்கைக்கு எந்தப் பாடச் சேர்க்கை என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைந்நூலில் இருக்கும். இரசாயனவியலோடு விவசாய விஞ்ஞானம் எடுத்தவர்களுக்கும் வாய்ப்பு உண்டு. தொழினுட்பப் பிரிவில் உயிர்முறைமைகள் தொழினுட்பம் படித்தவர்களுக்குத் தனிப் பட்டக் கற்கை உண்டு. எங்கள் கிராமப் பாடசாலைகள் பலவற்றில் விஞ்ஞானப் பிரிவே இல்லை. பிள்ளைகள் கலைப்பிரிவையே எடுக்கிறார்கள். அவர்களும் மனம் தளரத் தேவையில்லை. கலைப்பீடத்தில் புவியியலைச் சிறப்புப் பாடமாக எடுத்தால் நிலமும் நீரும் காலநிலையும் வரைபடமும் அங்கேயும் படிக்கலாம்.

அனுமதி முறையையும் அறிந்து வைத்திருங்கள். பெரும்பாலான விஞ்ஞானக் கற்கைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகின்றன. வடக்கு, கிழக்கு மாவட்டங்கள் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுக்குள் அடங்குகின்றன. விண்ணப்பத்தில் கற்கைகளை விருப்ப ஒழுங்கில் இடும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். "எப்படியும் கிடைக்காது" என்று ஒன்றை இடாமல் விடவும் வேண்டாம். விருப்பமில்லாததை மேலே இடவும் வேண்டாம். உங்கள் பாடசாலை ஆசிரியரோடோ, அந்தப் பீடத்தில் படிக்கும் பிள்ளையோடோ இருந்து பேசி நிரப்புங்கள். முடிவுத் திகதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. செலவு விடுதி, சாப்பாடு, பஸ், போட்டோப் பிரதி, களப்பயணத்துக்குரிய சப்பாத்து என்று வரும். மகாபொலப் புலமைப்பரிசிலுக்கும், வருமானம் குறைந்தோருக்கான உதவிப்பணத்துக்கும் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றிதழைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் முற்கூட்டியே எடுத்து வையுங்கள். தகப்பனின் மரணச் சான்றிதழ் இல்லாதவர்கள், அல்லது காணாமல் போனமைக்கான சான்றிதழை எடுத்தவர்கள், விபரத்தைக் கடிதமாக எழுதி இணைக்க வேண்டும். உதவிப்பணம் எல்லாச் செலவுக்கும் போதாது. சில மாதங்கள் பிந்தியும் வரும். முதல் ஆறு மாதச் செலவுக்குச் சீட்டுப் பணமோ சங்கக் கடனோ கைவசம் இருந்தால் பிள்ளை நிம்மதியாக இருக்கும்.

அச்சங்களும் அவற்றுக்கான பதிலும்

முதல் அச்சம் ஆங்கிலம். விஞ்ஞானப் பீடங்களில் விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். முதல் தவணையில் பிள்ளை அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தால் வியப்பில்லை. தமிழில் படித்து வந்த எல்லோரும் அந்தப் படியைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை உள்ள மாதங்களை வீணாக்காமல் ஆங்கில வகுப்புக்கும் கணினி வகுப்புக்கும் அனுப்புங்கள்.

இரண்டாவது பகிடிவதை. அது குற்றம். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதைத் தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது. "எல்லாருக்கும் நடக்கிறதுதானே, பொறுத்துக்கொள்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். "எதுவென்றாலும் அம்மாவிடம் சொல்" என்று சொல்லி அனுப்புங்கள்.

மூன்றாவது, களவேலை. காட்டுக்கும் களப்புக்கும் போக வேண்டும், இரவு தங்க வேண்டும், காற்சட்டை போட வேண்டும் என்பதில் உறவினருக்கு வரும் சங்கடம். ஆசிரியர்களோடும் குழுவாகவும் போகும் பயணங்கள் அவை. பெண் பிள்ளைக்குப் பொருந்தாத வேலை என்பவர்களுக்கு முகமாலையை நினைவூட்டுங்கள். அங்கே கண்ணிவெடி அகற்றும் பணியில் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைத் தேடியவர்களில் பெண்கள் பலர். கணவனை யுத்தத்தில் இழந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். மண்ணிலிருந்து வெடியை எடுக்கத் தகுந்தவள் பெண் என்றால், அந்த மண்ணின் வளத்தை அளக்கத் தகாதவள் ஆவாளா?

கென்யாவின் வங்காரி மாத்தாய் அம்மையாரைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1940 இல் கிராமத்துக் கமக்காரக் குடும்பமொன்றில் பிறந்தவர். உயிரியல் படித்து, கிழக்கு, மத்திய ஆபிரிக்கப் பகுதியில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் பெண் ஆனார். 1977 இல் அவர் தொடங்கிய பசுமைப்பட்டி இயக்கத்தில் மரம் நட்டவர்கள் விறகுக்கும் தண்ணீருக்கும் மைல் கணக்கில் நடந்த கிராமத்துப் பெண்களே. கோடிக்கணக்கில் மரங்கள் எழுந்தன. காட்டை விற்க வந்த அதிகாரத்தை எதிர்த்ததற்காக அடி வாங்கினார், சிறை போனார். 2004 இல் சமாதானத்துக்கான நொபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. மரம் நட்டவருக்குச் சமாதானப் பரிசா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. தண்ணீருக்கும் நிலத்துக்கும் வரும் தட்டுப்பாடு சண்டையில் முடியும் என்பதை அறிந்த எங்களுக்கு அந்தக் கேள்வி எழாது.

படித்தால் வேலை?

இந்தப் பட்டம் எடுத்தவுடன் வேலை காத்திருக்கிறது என்று சொல்ல முடியாது. 2017 இல் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக் கணக்கில் வீதியோரம் அமர்ந்திருந்ததை நாங்கள் கண்டோம். விவசாயத் திணைக்களம், கமநல அபிவிருத்தித் திணைக்களம், வனப் பாதுகாப்புத் திணைக்களம், வனசீவராசிகள் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகார சபை, நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, பனை அபிவிருத்திச் சபை, உள்ளூராட்சி மன்றங்கள், பாடசாலைகள் என்று இடங்கள் உண்டு, போட்டியும் உண்டு. ஆங்கிலமும் கணினி வரைபடமும் ஆய்வுகூடப் பழக்கமும் நன்றாகக் கைவந்த பிள்ளைக்கு அரச வேலைக்கு வெளியிலும் வழி திறக்கும். சிங்களம் பேசக் கற்றால் இன்னும் ஒரு கதவு. வேலை கிடைக்கும்வரை சொந்தக் காணியில் நாற்றுமேடை, காளான், கூட்டெரு என்று தொடங்கியவர்களும் உண்டு. மருத்துவம் கிடைக்காததால் வந்த இடம் என்று எண்ணிப் படிப்பவருக்கும், இது என் ஊரின் தண்ணீர் என்று எண்ணிப் படிப்பவருக்கும் நான்கு வருட முடிவில் உள்ள வித்தியாசம் பெரிது.

போக முடியாதவர்களுக்கு

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி கிடைக்காத பிள்ளைகளுக்கு வவுனியாவிலும் பிற இடங்களிலும் உள்ள விவசாயக் கல்லூரிகளில் டிப்ளோமாக் கற்கை உண்டு. முகாமிலும் இடப்பெயர்விலும் படிப்பைத் தவறவிட்டு இப்போது முப்பது, நாற்பது வயதில் இருக்கும் சகோதரிகள் திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண, மட்டக்களப்பு நிலையங்களில் விசாரிக்கலாம். அங்கே கட்டணம் உண்டு, வயது தடையில்லை.

படிக்கவே போகாதவர்களும் இந்த அறிவின் ஒரு பகுதியை இன்றே தொடங்கலாம். ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சிட்டுக் கல்லைக் கட்டி, ஒவ்வொரு பறுவத்தன்றும் கிணற்றில் விட்டுக் கட்டிலிருந்து நீர்மட்டம் எத்தனை முடிச்சு என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். தண்ணீரின் உருசி மாறினால் அதையும் எழுதுங்கள். மாதர் சங்கத்தில் பத்துப் பெண்கள் ஒரு வருடம் எழுதினால் அது ஊரின் நீர்க்கணக்கு. நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைச் சோதிக்கலாம். பல வீடுகள் சேர்ந்து பொதுக் கிணறு ஒன்றைச் சோதித்தால் செலவு பெரிதாகத் தெரியாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேளுங்கள். அந்தக் கொப்பியும் அறிக்கையும் கையில் இருந்தால், நாளை உங்கள் ஊருக்கு ஆய்வுக்கு வரும் மாணவிக்கு அது பொக்கிஷம். கூட்டத்தில் பேசப் போகும் உங்களுக்கு அது பலம்.

நிவாரணப் பணிகளில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆகக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் என்று சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு. 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் வாளியோடு வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு லீற்றரின் பெறுமதி என்னவென்று எந்தப் புத்தகமும் சொல்லத் தேவையில்லை. அந்த வரிசையில் தாயின் சட்டைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் இன்று படிப்பிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின் பிறந்தவர்கள் உயர்தரம் எழுதுகிறார்கள். தண்ணீரையும் மண்ணையும் அளக்கும் படிப்புக்கு இவர்களைவிட உரித்துடையவர் யார்?

ஆகவே சகோதரிகளே, உங்கள் மகளுக்கோ, அக்காவின் பிள்ளைக்கோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ இந்தக் கற்கை கிடைத்தால் முகத்தை வாடவிடாதீர்கள். "மண் கிண்டிற படிப்பு" என்பவர்களிடம், "ஓம், எங்கடை மண்" என்று சொல்லுங்கள். பிள்ளையின் பெட்டியை அடுக்கிக் கொடுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.